நிரல் பதிப்புக் கட்டுப்பாட்டு நெறிகளின் வரலாறு

பதிப்புக் கட்டுப்பாடு என்பது ஒரு மென்பொருளின் மூல நிரலில் யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதைப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப வழிசெய்யும் முறையாகும். இன்று பெரும்பாலான நிரலாளர்கள் இதற்குக் ‘கிட்’ என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். கருவியைக் கற்பது ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதைப் பிறருடன் சேர்ந்து பயன்படுத்துவதற்கான பழக்கங்களும் மரியாதைகளும் உருவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சிறுசிறு மாற்றங்களாகப் பதிவது, காரணத்தை எழுதுவது, பிறரிடம் சென்றுவிட்ட வரலாற்றைத் திருத்தாமல் இருப்பது, பழைய உழைப்பாளர் பெயரை அழிக்காமல் இருப்பது ஆகியவை இந்நெறிகளுள் முதன்மையானவை. இவற்றை யாரும் ஒரே நாளில் சட்டமாக எழுதி வைக்கவில்லை. தொடக்கக் காலக் கருவிகள் பூட்டுப் போட்டு ஒழுங்கைக் காத்தன. அந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றாக நீங்கியபோது, அவை செய்துவந்த வேலையை மனிதரின் பழக்கம் ஏற்றுக்கொண்டது.

முன்வடிவங்கள்: விருத்தாசலம் காட்டும் இரண்டு

படியையும் மூலத்தையும் பிரித்தறியும் பழக்கம் கணினிக்கு முற்பட்டது. கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்தில் இதற்கு இரு எடுத்துக்காட்டுகளைக் காணலாம். ஒன்று அவ்வூரின் கோயிலோடும் மற்றொன்று அதன் பீங்கான் தொழிலோடும் தொடர்புடையது.

திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் வழங்கப்பட்ட இவ்வூரின் விருத்தகிரீசுவரர் கோயில், 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில்களுள் ஒன்று. பழைய கட்டுமானத்தைப் பிரித்துக் கல்லால் புதிதாகக் கட்டும்போது, பழைய சுவரில் இருந்த கல்வெட்டுகள் என்னவாகும் என்ற சிக்கல் எழும். அவர் திருப்பணி செய்த மற்றொரு தலமான திருக்கோடிக்காவலில் அதற்கு விடை கிடைக்கிறது. அங்கே பழைய கொடைக் கல்வெட்டுகள் பல புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. அவை பழைய கல்லிலிருந்து எடுத்த படிகள் என்பதை உணர்த்தும் ‘பழங்கற்படி’ என்ற குறிப்பும் அவற்றுடன் பொறிக்கப்பட்டது. கட்டடம் புதியது, கொடை பழையது, கொடுத்தவர் வேறு, படியெடுத்தவர் வேறு என்பது படிப்பவருக்கு விளங்கிவிடுகிறது. ஒரு மென்பொருளை ஒரு கருவியிலிருந்து வேறு கருவிக்கு மாற்றும்போது பழைய பதிவுகளையும் எழுதியவர் பெயர்களையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும் என்ற இன்றைய நெறி இதையே வேண்டுகிறது.

விருத்தாசலம் இக்காலத்தில் பீங்கான் நகராக அறியப்படுகிறது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் கிடைக்கும் களிமண், பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிறுவனம் ஆகியவை இப்பெயருக்குக் காரணங்கள். பீங்கான் தொழிலில் பொம்மை, கிண்ணம் போன்றவற்றைக் களிமண் கூழை அச்சில் ஊற்றி வார்க்கும் முறை உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்த அச்சு ஒவ்வொரு வார்ப்பிலும் சிறிது சிறிதாகத் தேயும். எனவே மூல அச்சில் நேரடியாக வார்ப்பதில்லை. அதைத் தனியே பாதுகாத்து, அதிலிருந்து எடுத்த வேலை அச்சுகளில்தான் வார்க்கின்றனர். வேலை அச்சில் விழுந்த கீறல் அந்த அச்சோடு போய்விடும். மூல அச்சில் விழுந்தால் அதன்பின் வரும் எல்லாப் படிகளிலும் தெரியும்.

பளபளப்புப் பூச்சுக் கலவையைச் சோதிக்கும்போதும் இத்தகைய ஒழுங்கு உண்டு. ஒரு சோதனையில் ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றி, சோதனை ஓட்டின் பின்புறம் எண்ணிட்டு, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிச் சூளையில் வைப்பது வழக்கம். மூன்று பொருள்களை ஒன்றாக மாற்றினால், சூளையிலிருந்து வெளிவரும் ஓட்டின் நிறம் எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. மூலத்தைத் தனியே காத்தல், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றத்துக்குக் குறிப்பு ஆகிய மூன்றும் பின்னாளில் நிரலாளர்களின் நெறிகளாகவும் அமைந்தன.

பூட்டுக் காலம்

நிரலுக்கென்றே எழுதப்பட்ட முதல் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியாகப் பொதுவாகக் கருதப்படுவது எஸ்.சி.சி.எஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் இதை 1972இல் உருவாக்கினார். இதைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1975இல் வெளிவந்தது. ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் தனித்தனியே சேமிக்காமல், மாற்றங்களை மட்டும் சேமித்து இடத்தை மிச்சப்படுத்தியது இக்கருவி. மாற்றத்தைப் பதியும்போது அதற்கான காரணத்தையும் கேட்டது. இன்றைய கமிட் குறிப்பின் தொடக்கம் இதுவே.

இக்கருவியில் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்துவதற்காக எடுத்தால் அதற்குப் பூட்டு விழும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் அந்தப் பதிப்பைத் திருத்த முடியாது. இருவர் ஒரே வரியில் மோதிக்கொள்ளும் வாய்ப்பே இல்லை. ஆனால் பூட்டியவர் விடுப்பில் போய்விட்டால் வேலை நின்றுவிடும். ஆகவே வேலை முடிந்ததும் பூட்டைத் திறந்துவிட்டுப் போவதே அக்காலத்தின் முதல் மரியாதையாக இருந்தது.

1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ். கருவியும் பூட்டை வைத்துக்கொண்டது. ஆனால் அதில் ஒரு புதுமை இருந்தது. அவசரம் நேர்ந்தால் பிறர் போட்ட பூட்டை உடைக்கலாம். உடைத்தால், பூட்டியவருக்குக் கருவி தானாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பும். உடைத்தவர் ஏன் உடைத்தார் என்ற விளக்கத்தையும் கேட்டு வாங்கி அதில் சேர்க்கும். உரிமையைத் தடுக்காமல், உரிமையைப் பயன்படுத்துபவர் காரணம் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்ட இந்த ஏற்பாடு, பின்வந்த நெறிகள் பலவற்றின் போக்கைக் காட்டுகிறது.

பூட்டு நீங்கிய காலம்

பூட்டை நீக்கும் தேவை ஒரு சிறு குழுவின் கால அட்டவணையிலிருந்து எழுந்தது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழகத்தில் டிக் குருனே என்ற ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் சேர்ந்து ஒரு சி மொழித் தொகுப்பியை எழுதிக்கொண்டிருந்தார். 1984 முதல் 1985 வரை நடந்த அப்பணியில் ஒரு மாணவர் அலுவலக நேரத்தில் ஒழுங்காக வேலை செய்வார். மற்றவருக்கு நேரம் காலம் கிடையாது. ஆசிரியருக்கோ மாலை நேரம் மட்டுமே கிடைத்தது. ஒருவர் பூட்டினால் மற்ற இருவரும் காத்திருக்க வேண்டிய நிலை. இதற்குத் தீர்வாகக் குருனே எழுதிய சி.வி.எஸ். 1986இல் வெளியிடப்பட்டது. பின்னர் பிரையன் பெர்லினர் அதைச் சி மொழியில் மாற்றி எழுதினார்.

சி.வி.எஸ். முறையில் பலரும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தலாம். வெவ்வேறு இடங்களில் திருத்தியிருந்தால் கருவியே இணைத்துவிடும். ஒரே இடத்தில் திருத்தியிருந்தால் ‘முரண்’ என்று காட்டி, முடிவை மனிதரிடம் விட்டுவிடும். இரண்டாவதாகப் பதிபவர் முதலாமவரின் மாற்றத்தைப் படித்து, புரிந்துகொண்டு, இரண்டையும் பொருத்த வேண்டும். படிக்காமல் தன்னுடையதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவருடையதை நீக்கிவிட்டால் கருவி தடுக்காது. இங்கிருந்துதான் ஒழுக்கம் என்ற பேச்சு தொடங்குகிறது.

வேலையைத் தொடங்கும் முன் பிறரின் மாற்றங்களை வாங்கிக்கொள்வது, பதியும் முன் மீண்டும் ஒருமுறை வாங்கிச் சோதிப்பது, நாள் கணக்கில் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்காமல் அடிக்கடி பதிவது ஆகிய பழக்கங்கள் இக்காலத்தில் வேரூன்றின. தொகுக்கவே முடியாத நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஃபிரீபிஎஸ்டி திட்டத்தில் அப்படிச் செய்தவருக்குக் ‘கூர்முனைத் தொப்பி’ அணிவிப்பதாகக் கேலி செய்யும் வழக்கம் இருந்தது. பள்ளியில் தவறு செய்த மாணவருக்கு ஐரோப்பியர் அணிவித்த தொப்பியிலிருந்து வந்த கேலி அது.

சி.வி.எஸ்ஸில் ஒரு குறை இருந்தது. பல கோப்புகளில் செய்த ஒரே மாற்றத்தைப் பதியும்போது இடையில் இணைப்பு அறுந்தால், பாதிக் கோப்புகள் மட்டும் பதிவாகிவிடும். 2000இல் தொடங்கப்பட்டு 2004இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட சப்வெர்ஷன் இதைத் தீர்த்தது. அதில் ஒரு மாற்றம் முழுமையாகப் பதிவாகும், இல்லையேல் பதிவாகவே ஆகாது. அதன்பின் ‘ஒரு கமிட், ஒரு கருத்து’ என்ற நெறி வலுப்பெற்றது. பிழைத்திருத்தத்தையும் புதிய வசதியையும் இடைவெளி ஒழுங்குபடுத்தலையும் ஒரே கமிட்டில் கலந்தால், பின்னாளில் ஒன்றை மட்டும் நீக்க முடியாது. சோதனை ஓட்டில் மூன்று பொருள்களை ஒன்றாக மாற்றுவது போன்றதே இது.

லினக்ஸ், கையொப்பம், கிட்

லினக்ஸ் கருவகத்தின் தொடக்க ஆண்டுகளில் லினஸ் டோர்வால்ட்ஸ் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி எதையும் பயன்படுத்தவில்லை. மாற்றங்கள் மின்னஞ்சலில் ஒட்டுகளாக வந்தன. அவர் படித்து, பிடித்தவற்றைச் சேர்த்தார். அதனால் லினக்ஸ் சமூகத்தின் நெறிகள் அஞ்சலைச் சுற்றியே உருவாயின. மாற்றத்தை இணைப்புக் கோப்பாக அனுப்பாமல் அஞ்சலின் உடலிலேயே எளிய உரையாக இட வேண்டும். அப்போதுதான் படிப்பவர் வரிக்கு வரி பதில் எழுத முடியும். ஓர் அஞ்சலில் ஒரு மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும். பெரிய வேலையைப் படிப்படியான தொடராகப் பிரித்து அனுப்ப வேண்டும். தொடரின் எந்தப் படியில் நிறுத்தினாலும் நிரல் இயங்க வேண்டும்.

2003இல் எஸ்.சி.ஓ. நிறுவனம் ஐ.பி.எம்.மின் மீது வழக்குத் தொடுத்தது. தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸில் கலந்துள்ளது என்று அது கூறியது. ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டிய தேவை அதனால் எழுந்தது. 2004இல் லினக்ஸ் சமூகம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. மாற்றத்தை எழுதியவரும் அதைக் கைமாற்றி மேலே அனுப்பியவரும் குறிப்பின் இறுதியில் தம் பெயரையும் மின்னஞ்சலையும் ‘சைன்டு ஆஃப் பை’ என்ற வரியில் எழுத வேண்டும். இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழியே அக்கையொப்பம். ஒரு வழக்கில் தொடங்கிய நடைமுறை நாளடைவில் மரியாதையாகவும் ஆயிற்று. யாருடைய கைகளைத் தாண்டி ஒரு வரி வந்தது என்பதை இன்றும் அதில் படிக்கலாம்.

2002 முதல் லினக்ஸ் குழு பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியை இலவச உரிமத்தின் கீழ்ப் பயன்படுத்தியது. 2005 ஏப்ரலில் அந்த இலவச வாய்ப்பு நிறுத்தப்பட்டது. டோர்வால்ட்ஸ் அதே மாதம் 3ஆம் நாள் கிட் கருவியை எழுதத் தொடங்கினார். 7ஆம் நாள் கிட் தன் மூல நிரலைத் தானே பதிந்துகொண்டது. சூன் மாதம் வெளிவந்த லினக்ஸ் 2.6.12 கிட் வழியே பேணப்பட்டது. சூலையில் பொறுப்பு சுனியோ ஹமானோவிடம் சென்றது.

கிட் மையக் களஞ்சியத்தின் கட்டாயத்தையும் நீக்கியது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கிளைகளை நொடியில் உருவாக்கலாம். ‘எழுதியவர்’, ‘பதிந்தவர்’ என்ற இரு பெயர்களையும் ஒவ்வொரு கமிட்டிலும் கிட் தனித்தனியே வைக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் சேர்த்தாலும் எழுதியவர் பெயர் நிலைக்கிறது. வெட்டியவர் வேறு, கொடுத்தவர் வேறு என்று காட்டிய பழங்கற்படிக் குறிப்பின் வேலையைக் கருவியே இங்குச் செய்கிறது.

கமிட் குறிப்பின் இலக்கணம்

கிட் பரவிய பிறகு, குறிப்பு எழுதும் முறை தனிக் கலையானது. முதல் வரி 50 எழுத்துகளுக்குள் சுருக்கம், பின் ஒரு வெற்று வரி, அதன் கீழ் 72 எழுத்து அகலத்தில் விளக்கம் என்ற வடிவம் 2008இல் டிம் போப் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று. இந்த எண்களுக்குக் காரணம் உண்டு. கிட் தன் பட்டியல்களில் முதல் வரியை மட்டும் தலைப்பாகக் காட்டும். விளக்கத்தை இடப்புறம் 4 இடம் தள்ளிக் காட்டும். 80 எழுத்து அகலமுள்ள பழைய முனையத் திரையில் இருபுறமும் சமமாக இடம் விட்டால் 72 மிஞ்சும்.

வடிவத்தைவிட உள்ளடக்கமே முக்கியம். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். ‘சரிசெய்தேன்’, ‘கடைசி மாற்றம்’, ‘உண்மையிலேயே கடைசி’ போன்ற குறிப்புகள் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே உதவா. ஒரு நல்ல குறிப்பு, ‘பெயரில் ஒற்று வரும்போது வரிசைப்படுத்தல் தவறியது, எழுத்துகளாகப் பிரித்து ஒப்பிடுமாறு மாற்றப்பட்டது’ என்பது போல் சிக்கலையும் தீர்வையும் சேர்த்துச் சொல்லும்.

வரலாற்றைத் திருத்துதல்

கிட் தந்த புதிய ஆற்றல்களுள் ஆபத்தானது, பதிந்த வரலாற்றையே மாற்றி எழுதும் வசதி. பத்துக் குழப்பமான கமிட்டுகளை மூன்று தெளிவான கமிட்டுகளாக மாற்றலாம். தன் கணினியில் மட்டும் உள்ளவரை இது நல்ல பழக்கம். கட்டுரையை வெளியிடும் முன் படியைச் செம்மைப்படுத்துவது போன்றது. ஆனால் பிறர் வாங்கிக்கொண்ட பின் மாற்றி எழுதினால் அவர்களின் வேலைக்கு அடித்தளமே இல்லாமல் போகும். கட்டாயத் தள்ளல் மூலம் பொதுக் கிளையை மாற்றுவோர், தாம் காணாத பிறர் கமிட்டுகளையும் அழித்துவிடக் கூடும். 2013இல் கிட் 1.8.5 பதிப்பில், மறுமுனையில் புதிதாக ஏதும் சேராதிருந்தால் மட்டுமே கட்டாயமாகத் தள்ளும் பாதுகாப்பான தெரிவு சேர்க்கப்பட்டது.

பகிரப்பட்ட தவறைத் திருத்தும் முறையும் இதையொட்டியே அமைந்தது. தவறான கமிட்டை அழிப்பதற்குப் பதிலாக, அதன் விளைவை நீக்கும் எதிர் கமிட் ஒன்று பதியப்படும். தவறும் திருத்தமும் இரண்டுமே வரலாற்றில் நிற்கும். கணக்கேட்டில் தவறிய பதிவைச் சுரண்டி அழிக்காமல் எதிர்ப்பதிவு போடும் கணக்கரின் முறையும் இதுவே.

ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டும் கட்டளைக்குக் கிட்டில் ‘பிளேம்’, அதாவது ‘பழி’ என்று பெயர். சப்வெர்ஷனில் அதே கட்டளைக்குப் ‘பிரெய்ஸ்’, அதாவது ‘பாராட்டு’ என்ற மாற்றுப் பெயரும் உண்டு. ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று அறிவதற்கே இக்கட்டளை பயன்பட வேண்டும், எழுதியவரைக் குற்றம் சாட்ட அன்று என்பது குழுக்களில் வலியுறுத்தப்படும் நெறி. மறுஆய்வின் மொழியும் இவ்வாறே மாறியது. கடுஞ்சொற்களுக்குப் பெயர்பெற்ற டோர்வால்ட்ஸ், 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகியிருந்தார். அதே மாதம் லினக்ஸ் திட்டம் ஒரு நடத்தை விதித் தொகுப்பை ஏற்றது.

அழியாத வரலாற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடவுச்சொல்லை ஒருமுறை கமிட் செய்தால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய பதிவில் அது நிலைத்திருக்கும். 2016இல் ஊபர் நிறுவனத்தின் தனியார் கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கிருந்த அணுகல் சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் தரவுகளைக் கவர்ந்தனர். சாவிகளைக் களஞ்சியத்துக்கு வெளியே வைப்பதும், தவறிப் பதிந்துவிட்டால் உடனே மறைக்காமல் குழுவிடம் சொல்லிச் சாவியையே மாற்றிவிடுவதும் அடிப்படைப் பழக்கங்கள்.

தமிழ்ச் சூழலில்

தமிழ்க் கணிமையில் கூட்டுழைப்பின் மரியாதைகள் நிரலுக்கு முன்பே நூல்களில் தொடங்கின. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நூலின் தொடக்கத்தில் தரப்படுகின்றன. ஊதியமில்லா உழைப்புக்கு அந்த வரியே கைம்மாறு.

மென்பொருள்களைத் தமிழாக்கியோரின் மொழிபெயர்ப்புக் கோப்புகளிலும் இவ்வழக்கம் உண்டு. பி.ஓ. எனப்படும் அக்கோப்புகளின் தலைப்பில் ‘இறுதியாக மொழிபெயர்த்தவர்’ என்று ஒருவர் பெயருக்கு மட்டுமே இடமுண்டு. புதிதாக வருபவர் அதில் தம் பெயரை இடும்போது முந்தையவர் பெயர் மறைந்துவிடும். முந்தையவர்களின் பெயரையும் ஆண்டையும் கோப்பின் மேற்பகுதிக் குறிப்பில் வரிசையாக விட்டுவைத்து, அதன் கீழ்த் தம் பெயரைச் சேர்ப்பதே முறை. கருவி கட்டாயப்படுத்தாத இதைச் செய்வதும் விடுவதும் வருபவரின் பண்பைப் பொறுத்தது.

தமிழ் எழுத்துமுறை தனக்கேயுரிய சில நெறிகளையும் தந்தது. திஸ்கி போன்ற பழைய குறியேற்றத்திலிருந்து ஒரு கோப்பை ஒருங்குறிக்கு மாற்றினால் எல்லா வரிகளும் மாறியதாகக் கிட் காட்டும். மாற்றியவரே எல்லா வரிகளையும் எழுதியவர் போலப் பதிவாகும். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை கிட்டுக்கு வெவ்வேறு. எனவே குறியேற்ற மாற்றத்தையும் எழுத்து ஒழுங்குபடுத்தலையும் பிற மாற்றங்களோடு கலக்காமல் தனிக் கமிட்டாகப் பதிவது நன்று. 2019இல் வந்த கிட் 2.23 முதல், அத்தகைய கமிட்டுகளைப் ‘பிளேம்’ கட்டளை பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்லுமாறு குறித்து வைக்கலாம். தமிழில் பெயரிட்ட கோப்புகளைக் கிட் இயல்பாக எண்களாகக் காட்டும். ‘கோட்பாத்’ அமைப்பை அணைத்தால் பெயர் தமிழிலேயே தெரியும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, நிரலறியாத பெருந்தொகைத் தமிழர்களுக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டை அறிமுகம் செய்தது எனலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே வரலாறு உண்டு. தொகுப்புக்குச் சுருக்கம் எழுத இடமுண்டு. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் முரண்பாடு காட்டப்படும். ஒருவர் மாற்றத்தை மற்றவர் மீளமைத்தால், காரணத்தை உரையாடல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது அங்குள்ள மரபு. பூட்டை உடைத்தவரிடம் விளக்கம் கேட்ட ஆர்.சி.எஸ்ஸின் நெறி இங்கே வேறு உருவில் தொடர்கிறது.

நிரல் திட்டங்களும் பின்தொடர்ந்தன. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியும் ஓப்பன் தமிழ் நிரல்தொகுப்பும் கிட்ஹப்பில் வெளிப்படையாக வளர்ந்தன. விக்கிமூலத்துக்குப் பழந்தமிழ் நூல்களின் பக்கங்களை எழுத்துணரி வழியே ஏற்ற த. சீனிவாசன் எழுதிய கருவியும் அங்கே உள்ளது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது. விருத்தாசலத்துக்கு வடக்கே விழுப்புரத்தில் இயங்கும் குனூ லினக்ஸ் பயனர் குழு சிற்றூர் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது.

கோரிக்கை வெள்ளம்

பூட்டில்லாத உலகின் கடைசிச் சோதனை இந்தியாவிலிருந்து வந்தது. 2008இல் தொடங்கிய கிட்ஹப், அறிமுகமில்லாத ஒருவரின் திட்டத்துக்கும் சில சொடுக்குகளில் மாற்றத்தை முன்மொழிய வழிசெய்தது. இதற்குப் புல் ரிக்வெஸ்ட், அதாவது இணைப்புக் கோரிக்கை என்று பெயர். அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கோரிக்கை அனுப்புவோருக்குச் சட்டை பரிசளிக்கும் ‘ஹாக்டோபர்ஃபெஸ்ட்’ நிகழ்வை 2014 முதல் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திவந்தது. 2020இல், ஒரு விளக்கக் கோப்பில் ஓரிரு சொற்களைச் சேர்த்துக் கோரிக்கை அனுப்புவது எப்படி என்று காட்டிய இந்தியக் காணொளி ஒன்று பரவியது. அதைப் பார்த்த மாணவர்கள் உலகெங்கும் உள்ள திட்டங்களுக்குப் பயனற்ற கோரிக்கைகளை அனுப்பிக் குவித்தனர். சில நாள்களிலேயே விதி மாற்றப்பட்டது. பங்கேற்க விரும்பும் திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும் என்றாயிற்று.

2024இன் தொடக்கத்தில் இது வேறு வடிவில் திரும்பியது. கிட் கற்பிக்கும் ஒரு காணொளியில், எடுத்துக்காட்டுக்காக எக்ஸ்பிரஸ் என்னும் புகழ்பெற்ற திட்டத்தின் விளக்கக் கோப்பு திருத்திக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் பயிற்சி என்று எண்ணி, தம் பெயரைச் சேர்த்து உண்மையான திட்டத்துக்கே கோரிக்கை அனுப்பினர். அனுப்பியவர்களில் பலர் தீங்கு நினைக்கவில்லை. அவர்களுக்குக் கட்டளைகள் சொல்லித்தரப்பட்டன. மறுமுனையில் ஒரு மனிதர், பெரும்பாலும் ஊதியமின்றி, ஒவ்வொன்றையும் திறந்து படித்து மூட வேண்டும் என்பது சொல்லித்தரப்படவில்லை.

இந்நிகழ்வுகளால் உண்மையான இழப்பு மாணவர்களுக்கே நேர்ந்தது. பேணுநர்கள் புதியவரின் கோரிக்கையைச் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கினால், உழைத்துச் செய்த முதல் மாற்றமும் கவனிக்கப்படாமல் மூடப்படலாம். பெரிய நகரமோ புகழ்பெற்ற கல்லூரியோ வாய்க்காத மாணவருக்குப் பொதுக் களஞ்சியத்தில் உள்ள கமிட் வரலாறு நேர்காணலுக்கு முந்தைய சான்றிதழ் போன்றது. அச்சான்றின் மதிப்பு, அதே வாயில் வழியே வரும் மற்றவர்களின் நடத்தையையும் பொறுத்தது.

தனியாள் பழக்கங்கள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஒரு மாணவர் தனியே வேலை செய்யும்போதும் பின்பற்றத்தக்க சில பழக்கங்கள் கிடைக்கின்றன. பதியும் முன் தன் மாற்றத்தைத் தானே ஒருமுறை வரி வரியாகப் படிப்பது அவற்றுள் முதலாவது. மறந்து விட்ட சோதனை வரிகளும் சாவிகளும் அங்கேதான் அகப்படும். அன்றைய வேலையைக் கருத்துவாரியாகப் பிரித்துப் பதிவதும், முதன்மைக் கிளையை எப்போதும் இயங்கும் நிலையில் வைத்து முயற்சிகளைத் தனிக் கிளையில் செய்வதும் அடுத்தவை. மூல அச்சைக் காத்து வேலை அச்சில் வார்ப்பது போன்றது இது.

பிறர் திட்டத்தில் நுழையும்போது, அவர்களின் பங்களிப்பு வழிகாட்டியைப் படிப்பதும், பெரிய மாற்றமானால் முதலில் கேட்டுவிட்டுத் தொடங்குவதும் முறை. பதில் வரச் சில நாள்கள் பொறுப்பது, மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு அறிவது, உடன் உழைத்தவர் பெயரைக் கமிட்டில் சேர்ப்பது ஆகியவையும் வேண்டும். ஒரு கமிட்டில் பலரை எழுதியவர்களாகக் காட்டும் வசதி 2018 முதல் கிட்ஹப்பில் உள்ளது.

மதிப்பீடு

எஸ்.சி.சி.எஸ். காலத்தில் தவறு செய்ய அனுமதி இல்லாததால் ஒழுங்கு இருந்தது. இன்று யாரும் யாருடைய நிரலையும் எடுத்து மாற்றி முன்மொழியலாம். எழுதும் உரிமை எளிதாகும்தோறும் எழுதுபவரின் பொறுப்பு கூடியதே இந்த அரை நூற்றாண்டு வரலாற்றின் சுருக்கம். கருவிகள் இனியும் மாறும், சி.வி.எஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கும் அங்கிருந்து கிட்டுக்கும் மாறியது போல் களஞ்சியங்கள் மீண்டும் இடம்பெயரும். அப்போதும் பழைய வரிகளை எழுதியவர் யார், அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதைப் புதிய சுவரிலும் பொறித்துச் செல்வதே அடுத்து வருபவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.